பல்கலைக்கழக மாணவியரின் ஆரோக்கியம் யாருடைய பொறுப்பு?

எமது சமூகங்களில் பெண்பிள்ளை ஒருத்தி பருவமடைந்துவிட்டால் வீட்டின் கவனம் முழுவதும் அவளது உணவின் மீது திரும்பிவிடும். நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் தவறாது கொடுக்கப்படும். எலும்பு உறுதிப்பட வேண்டும், இடுப்பு பலப்பட வேண்டும் என்று மூத்தோர் அருகிலிருந்து உண்ணவைப்பர். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இவ்வழக்கம் வேறுபடினும் அதன் பின்னாலுள்ள அக்கறை ஒன்றே. ஆனால், அதே பிள்ளை ஆறேழு வருடங்களின் பின்னர் உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, பல்கலைக்கழக விடுதியொன்றில் தங்கிப் பயிலத் தொடங்கும்போது, அவள் காலையில் என்ன உண்டாள் என்று கேட்க எவரும் இருப்பதில்லை. சில நாட்களில் அவள் எதையும் உண்பதேயில்லை.

இதனை ஒரு சில மாணவியரின் தனிப்பட்ட கவலையீனமாகக் கருதிவிட முடியாது. நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் பயில்வோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் பெண்களே. 1974இல் யாழ்ப்பாணத்திலும், 1986இல் கிழக்கிலும், 1996இல் ஒலுவிலிலும், 2021இல் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் உருவானமை தமிழ், முஸ்லிம் பெண்களுக்கு உயர்கல்வியின் கதவுகளை மேலும் அகலத் திறந்தது. அக்கதவுகளினூடாகச் சென்ற எமது பிள்ளைகள் பட்டத்துடன் திரும்பும்போது உடல்நலத்துடனும் திரும்புகின்றனரா என்பதே எமது கேள்வி.

விடுதி மாணவி ஒருத்தியின் சாதாரண நாளொன்றை நோக்குவோம். காலை எட்டு மணிக்கு விரிவுரை. குளியலறைக்கு வரிசையில் நின்று, புறப்பட்டுச் செல்வதற்கிடையில் காலை உணவுக்கான நேரம் போய்விடுகிறது. பத்து மணி இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு ரோல்ஸ் அல்லது பணிஸ், கூடவே சீனி மிகுந்த தேநீர். மதியம் சோற்றுப் பார்சல். அதில் சோறு நிறைய, பருப்பு கொஞ்சம், மரக்கறி அதனிலும் கொஞ்சம். மாலையில் மீண்டும் தேநீரும் பிஸ்கட்டும். இரவில் வெளியே செல்லத் தயங்குவோருக்கு உடனடி நூடில்ஸ். பல விடுதிகளில் அறைகளில் சமைப்பதற்குத் தடையுண்டு. தீ விபத்து, மின்கட்டணம் என்பவற்றைக் கருதும்போது அத்தடை நியாயமானதே. ஆனால், சமைக்க வேண்டாம் என்று கூறும் நிர்வாகம், அதற்குப் பதிலாக நல்லதொரு பொதுச் சமையலறையையேனும் வழங்க வேண்டாமா?

பணமும் இங்கு முக்கிய காரணியாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை அண்மித்தது. அதன் பின்னர் பணவீக்கம் தணிந்தபோதிலும் உயர்ந்த விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மஹாபொல புலமைப்பரிசில் மாதாந்தம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலாகும். அன்று உயர்த்தப்பட்ட அத்தொகையும் கூட நாளொன்றுக்கு 250 ரூபா மாத்திரமாகவே இருந்தது. அதற்குள் உணவும், போக்குவரத்தும், நிழற்பிரதிச் செலவும் அடங்க வேண்டியிருந்தது. இந்நிலையில் முதலில் வெட்டப்படுவது முட்டையும் மீனும் பழமுமே. வீட்டின் சுமையை அறிந்த பெண்பிள்ளை கூடுதல் பணம் கேட்பதில்லை. தன் வயிற்றைச் சுருக்கிக்கொள்கிறாள்.

இதன் விளைவு முதலில் குருதியில் தெரிகிறது. மாதவிடாயினால் இரும்புச்சத்தை இழக்கும் இளம் பெண்ணுக்கு ஆணைவிட இருமடங்கு அளவிலான இரும்புச்சத்து தேவை. கருவுறாத பெண்ணின் குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது குருதிச்சோகை எனக் கொள்ளப்படுகிறது. விரிவுரையில் கண் சொருகுவதும், படியேறினால் மூச்சு வாங்குவதும், படித்தது மனதில் நில்லாமையும் சோம்பலின் அடையாளங்களாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகின்றன. அவை குருதிச்சோகையின் அறிகுறிகளாகவும் இருக்கலாம் என்பதை விரிவுரையாளர்களும் பெற்றோரும் உணர வேண்டும்.

இங்கு எமது சமூகங்களுக்கேயுரிய சில சூழ்நிலைகளையும் குறிப்பிட வேண்டும். தூர மாவட்டமொன்றின் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் முஸ்லிம் மாணவி, இறைச்சி ஹலாலானதா என்ற ஐயத்தினால் அதனைத் தவிர்த்துப் பருப்புடன் நின்றுவிடுகிறாள். நோன்பு காலத்தில் சஹர் உணவுக்கு ஒழுங்கில்லாத விடுதியில் தண்ணீருடனும் பேரீச்சம்பழத்துடனும் நோன்பு பிடிக்கிறாள். விரத நாட்களில் மரக்கறி உணவு தேடும் இந்து மாணவிக்கும் கிடைப்பது பெரும்பாலும் சோறும் கிழங்குமே. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து, மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைவிடக் குறைவாகவே உடலில் சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது மேலும் குறையும். தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் கூடும். தேநீரை உணவுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி அருந்துவதற்கு எவ்விதச் செலவுமில்லை.

உடற்செயற்பாட்டின் நிலையும் இவ்வாறானதே. வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் எனவும், இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் எனவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வழிகாட்டியது. வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணிநேர வேக நடை இதன் குறைந்த அளவாகும். 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் பெண்களில் 34 வீதத்தினரும் ஆண்களில் 29 வீதத்தினரும் இந்த அளவை எட்டவில்லை. தெற்காசியாவில் இவ்விடைவெளி மேலும் அகன்றது.

1990களில், எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாணவியர் துவிச்சக்கரவண்டியிலேயே பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். அது போர் திணித்த உழைப்பு. அந்நாட்கள் மீள வேண்டுமென எவரும் விரும்பார். ஆயினும் பெண்பிள்ளை வீதியில் மிதித்துச் செல்வதை அச்சமூகம் இயல்பாக ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மை. இன்றோ விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும், பின்னர் கைத்தொலைபேசிக்கும் என்று நாள் முடிந்துவிடுகிறது. மைதானம் இருக்கிறது; மாலையில் அதனை நிறைத்திருப்போர் ஆண்கள். வீதியில் நடந்தால் சீண்டல். இருட்டுவதற்குமுன் விடுதிக்குத் திரும்ப வேண்டும். ஓடினால் 'பெண்பிள்ளைக்கு இது எதற்கு' என்ற பார்வை. இத்தனை தடைகளையும் வைத்துக்கொண்டு, மாணவியருக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று கூறுவது நேர்மையாகாது.

உடல் பருத்தால் மாத்திரமே ஆபத்து என்ற எண்ணமும் தவறானது. ஆசிய மக்களிடையே உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே நீரிழிவு முதலிய நோய்களின் ஆபத்து கூடத் தொடங்குகிறது என 2004இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபன நிபுணர் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. மெலிய வேண்டுமென்று காலை உணவைத் தவிர்க்கும் மாணவி, மாலையில் பசி தாளாது இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் நாடுகிறாள். எலும்பின் உறுதி பெரும்பாலும் முப்பது வயதுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. குருதிச்சோகையுடன் தாய்மையடையும் பெண்ணுக்கு நிறை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் அதிகம். எனவே, விடுதியில் கழியும் நான்கு வருடங்களின் குறைபாடு அந்த நான்கு வருடங்களுடன் முடிந்துவிடுவதில்லை.

தீர்வுகள் எட்டாத தொலைவில் இல்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, கடலை, நெத்தலி, சூடை மீன் என்பன எமது மண்ணுக்கும் கடலுக்கும் புதியனவல்ல. அவித்த கடலையையும் ஒரு வாழைப்பழத்தையும் ரோல்ஸுக்குப் பக்கத்தில், அதனிலும் குறைந்த விலையில் வைப்பதற்குச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போதும். காலை விரிவுரைக்கு முன்னர் உணவு கிடைக்கும் வகையில் நேரத்தை ஒழுங்குசெய்தல், ஹலால் மற்றும் மரக்கறி உணவுகளை வெளிப்படையாக அடையாளமிடல், நோன்பு காலத்தில் சஹருக்கு ஏற்பாடு செய்தல், மைதானத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் வாரத்தில் குறித்த மணித்தியாலங்கள் மாணவியருக்கென ஒதுக்கி ஒரு பயிற்றுநரை நியமித்தல், பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கொருமுறை குருதிப் பரிசோதனை நடத்தல் ஆகியன நிர்வாகங்கள் மனம் வைத்தால் ஆகக்கூடியவை.

பெற்றோருக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். தொலைபேசியில் 'படித்தாயா' என்று கேட்பதற்கு முன்னர் 'சாப்பிட்டாயா' என்று கேட்பது எமது வழக்கம்தான். அதற்குப் பிள்ளை கூறும் 'ஓம்' என்ற பதிலுடன் நின்றுவிடாது, என்ன சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். அவள் ஓடவும் விளையாடவும் விரும்பினால் மறிக்காதீர்கள். பருவமடைந்தபோது அவளது எலும்புகள் பற்றி நாம் கொண்டிருந்த கவலை, அவள் பல்கலைக்கழகப் படியேறியதுடன் தீர்ந்துவிடலாகாது. வீடு அன்று செய்த காரியத்தை இன்று பல்கலைக்கழகமும் வீடும் சேர்ந்தே செய்ய வேண்டும்.