நகமும் விரல் நுனியும்: இரு கிற்றார்க் கலைஞரின் நட்பு



வீணை பயிலத் தொடங்குவோர் ஆசிரியரிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, தந்தியை நகத்தால் மீட்டுவதா, விரல் நுனிச் சதையால் மீட்டுவதா என்பதாகும். இதே கேள்வி, மேனாட்டுக் கருவியாகிய கிற்றாரைப் பயில்வோரிடையே இருநூறு ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. மாலை வேளையில் நாலு பேர் தத்தம் கிற்றாருடன் ஒன்றுகூடினால், பாட்டு முடிந்து பேச்சுத் தொடங்கும்போது, பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். இக்கேள்வியில் முற்றும் மாறுபட்ட இருவர், ஒரே நகரில் ஒரே விடுதியில் வாழ்ந்து, ஒருவரையொருவர் மதித்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலிற் கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், கிற்றாரில் ஐந்து சோடித் தந்திகள் இருப்பதே பெருவழக்கு. அந்நூற்றாண்டின் இறுதியில் சோடிகள் நீங்கி, ஆறு தனித் தந்திகள் பூட்டும் முறை பரவிற்று. மெல்லிய மூன்று தந்திகளும் விலங்கின் குடலிலிருந்து முறுக்கப்பட்ட நரம்புகள். தடித்த மூன்றும் பட்டு நூலின்மேல் உலோகக் கம்பி சுற்றியவை. குடல் நரம்பு மென்மையானது, ஈரக்காற்றில் சுருதி மாறுவது, தேய்ந்தால் அறுவது. விரலின் சதை பட்டால் ஓர் ஒலியும், நகம் பட்டால் வேறோர் ஒலியும் அதிலே பிறக்கும். ஆகவே நகமா, சதையா என்பது வெறும் பழக்கத்தைப் பற்றிய கேள்வியன்று. கருவியின் குரல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் கேள்வியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் மாநகரில் இக்கருவிக்குப் பெருஞ் செல்வாக்கு உண்டாயிற்று. பியானோ விலை மிக்கது. வீட்டில் இடத்தை அடைப்பது. கிற்றாரோ கையோடு எடுத்துச் செல்லத்தக்கது, பாடுவோர்க்குத் துணையாவது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுவது. இசையைத் தொழிலாகக் கொள்ளாது, ஆர்வம் ஒன்றினாலேயே பயில முற்பட்டோர் தொகை பெருகவே, அவர்களுக்குக் கற்பிக்க இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து சேர்ந்தனர். நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த பெர்டினாண்டோ கருல்லி 1810ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி நூல், அக்காலத்து மாணாக்கரிடையே பெரிதும் வழங்கிற்று.

ஆசிரியர் பலரானால் கட்சிகளும் பலவாதல் இயல்பன்றோ? சார்ல்ஸ் டி மரெஸ்கோ என்பார் அக்காலத்துக் கிற்றார்ப் பித்தினை எள்ளி நகையாடி ஒரு படத் தொகுதி வெளியிட்டார். அதிலுள்ள ஒரு படம், கருல்லியைப் பின்பற்றுவோருக்கும் மொலினோ என்னும் மற்றோர் ஆசிரியரைப் பின்பற்றுவோருக்கும் இடையே நிகழும் கலந்துரையாடலைக் காட்டுகிறது. கலந்துரையாடல் என்பது தலைப்பில் மட்டுமே; படத்தில் உள்ளோர் கிற்றார்களையே படைக்கலமாக ஓங்கி ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டிருக்கின்றனர். இது வேடிக்கைச் சித்திரமே ஆயினும், கலை பயில்வோர் கூட்டங்களிற் பழகிய எவரும் இதிலே ஓரளவு உண்மை இருப்பதை உணர்வர்.

இத்தகைய நகரிலேதான் நம் கதைக்குரிய இருவரும் சந்தித்தனர். முதல்வர் பெர்னாண்டோ சோர். 1778ஆம் ஆண்டிற் பார்சலோனாவிற் பிறந்து, மொன்செராட் மடத்தின் இசைப்பள்ளியிற் பயின்றவர். நெப்போலியனின் படை ஸ்பெயினைக் கைப்பற்றியபோது, பிரெஞ்சு ஆட்சியின்கீழ்ப் பதவி ஏற்றார். அவ்வாட்சி வீழ்ந்ததும், 1813இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மீண்டும் தாயகத்தில் வாழும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. இலண்டனிலும் ருஷ்யாவிலும் புகழ் ஈட்டிய பின்னர், பாரிஸிலே நிலைத்துத் தங்கினார்.

மற்றவர் டியோனிசியோ அகுவாடோ. 1784ஆம் ஆண்டில் மட்ரிட் நகரிற் பிறந்தவர். நகத்தால் மீட்டும் முறையைத் தம் ஆசிரியராகிய துறவி ஒருவரிடம் இளமையிலேயே கற்றவர். 1825இல் மட்ரிட்டிற் கிற்றார்ப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டுப் பின்னர்ப் பாரிஸ் வந்தார். அமைதியும் பணிவும் வாய்ந்தவர். சோரோ, தம் கருத்தை அஞ்சாது கூறும் இயல்பினர்.

1830ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பயிற்சி நூலில், நகத்தால் வாசிப்போரைச் சோர் கடுமையாகவே கண்டித்தார். மெல்லென ஒலிக்கவேண்டிய இடங்களில் நகத்தின் ஒலி பாடுவதில்லை. வல்லென ஒலிக்கவேண்டிய இடங்களில் அது நிறைவு பெறுவதில்லை என்பது அவர் கருத்து. பியானோவின் முன் பழைய ஹாப்சிக்கோட் எவ்வாறோ, அவ்வாறே தம் வாசிப்பின் முன் நகவாசிப்பு என ஒப்பிட்டும் காட்டினார். ஆனால் அதே நூலில், தம் நண்பர் அகுவாடோவின் திறமை மிகப் பெரியதாதலின், நகத்தால் வாசிக்கும் குறையையும் அது மறக்கச் செய்கிறது என்று மனமாரப் போற்றினார். முறையைக் கண்டித்தாரேயன்றி மனிதரைக் கண்டிக்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அகுவாடோவின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. நகம் பட்டால் ஒலி தெளிவுறும். விரைவான ஓட்டங்களிற் சுரங்கள் ஒன்றோடொன்று மயங்கா. வேறெந்தக் கருவிக்கும் இல்லாத ஒரு தனிக்குரல் கிற்றாருக்கு அமையும் என்பது அவர் வாதம். ஆனால் வெறும் நகத்தால் தந்தியைச் சுரண்டும்படி அவர் சொல்லவில்லை. முதலில் விரல் நுனிச் சதை தந்தியைத் தொடவேண்டும். பின்னர்த் தந்தி நகத்தின்மீது வழுக்கிச் செல்லவேண்டும். நகம் மிக நீண்டிருத்தலும் ஆகாது என்று விளக்கினார். இன்று கிற்றார் பயில்வோருக்கு ஆசிரியர்கள் கூறும் அறிவுரையும் பெரும்பாலும் இதுவே.

இவ்விருவரும் பாரிஸில் ஒரே விடுதியில் வாழ்ந்த காலத்தில், இரண்டு கிற்றார்களுக்கான ஓர் இசைப்படைப்பைச் சோர் இயற்றினார். அதற்கு 'இரு நண்பர்கள்' என்று பெயரிட்டார். ஒரு பகுதி சோருக்கு; மற்றது அகுவாடோவுக்கு. சதையின் ஒலியும் நகத்தின் ஒலியும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நின்று, ஒன்றற்கொன்று வழிவிட்டுப் பேசுகின்றன. மரெஸ்கோவின் படத்திற் கிற்றார்கள் ஒன்றோடொன்று மோதின. இங்கோ அவை உரையாடுகின்றன.

வாதம் விரலோடு முடியவில்லை. கருவியை எவ்வாறு பிடிப்பது என்பதும் அக்காலத்துப் பெரும் சிக்கலாய் இருந்தது. கருவி நழுவாமல் இருக்க இடக்கை அதைத் தாங்குமாயின், அக்கைவிரல்கள் தந்திமீது தாராளமாய் ஓடமாட்டா. இதற்குச் சோர் கண்ட வழி, கருவியின் ஒரு பாகத்தை மேசையின் விளிம்பிற் சாய்த்து வைப்பது. இடக்கைப் பெருவிரலைக் கழுத்தின் மேலே வளைத்துப் பற்றாமல், பின்புறத்தின் நடுவிலே வைக்கவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அகுவாடோவோ மூன்று கால்களையுடைய ஒரு தாங்கியை அமைத்து, அதிலே கருவியைப் பொருத்தி வாசித்தார். வாசிப்பவர் உடலிற் படாமையால் கருவியின் அதிர்வு குன்றாது என்பது அவர் கண்ட பயன்.

நேயர்களே, இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள். மேசையைப் பரிந்துரைத்த சோர், பிற்காலத்தில், காலஞ்சென்ற மாணவி ஒருவரின் நினைவாக இரங்கற் பாட்டு ஒன்றை இயற்றினார். அகுவாடோவின் தாங்கி இல்லையாயின், இத்துணைப் பெரும் பணியைக் கிற்றாரிடம் ஒப்படைக்கத் தாம் துணிந்திருக்க முடியாது என்று அதிலே வெளிப்படையாகக் குறித்தார். தம் வழியினும் நண்பர் வழி சிறந்தது எனக் கண்டபோது, அதை அச்சில் ஒப்புக்கொள்ள அவர் பின்வாங்கவில்லை.

சோரின் இறுதிக்காலம் துன்பம் நிறைந்தது. பாரிஸ் மக்களிற் பலர் எளிய பாடல்களையே விரும்பினர். வெளியீட்டாளரும் அவற்றையே கேட்டனர். அவரும் எளியவற்றை எழுதித் தந்தார். ஆனால் ஒன்றுக்கு 'இதுதானா என்று பார்ப்போம்' என்றும், மற்றொன்றுக்கு 'இது சரிதானா?' என்றும் பொருள்படப் பெயரிட்டுத் தம் மனக்குறையை நகைச்சுவையால் ஆற்றிக்கொண்டார். 1837இல் அவர் மகள் இறந்தாள். 1838இல் அகுவாடோ ஸ்பெயினுக்குத் திரும்பினார். தாயகம் செல்ல இயலாத சோர், நோய்வாய்ப்பட்டு 1839ஆம் ஆண்டு யூலை மாதத்திற் பாரிஸிலேயே உயிர்நீத்தார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1843இல் அகுவாடோ தம் புதிய பயிற்சி நூலை மட்ரிட்டில் வெளியிட்டார். அதிலே அவர் ஒரு செய்தியைக் கூறுகிறார்: தாம் எல்லா விரல்களிலும் நகத்தைப் பயன்படுத்தி வந்ததாகவும், சோரின் வாசிப்பைக் கேட்ட பின்னர்ப் பெருவிரல் நகத்தை மட்டும் விட்டுவிட்டதாகவும், அவ்வாறு செய்தமைக்காக மகிழ்வதாகவும் எழுதியிருக்கிறார். மற்ற விரல்களின் நகங்களை அவர் விடவில்லை. தம் கொள்கையையும் காத்தார். நண்பரின் கொள்கையில் உண்மையாய் இருந்ததையும் ஏற்றார். கேட்டு மகிழ நண்பர் இல்லாத காலத்தில் எழுதிய சொற்கள் அவை.

இவர்களுக்குப் பின்னர், ஆர்வத்தாற் பயில்வோரே இக்கருவியைப் பெரிதும் காத்தனர். இலண்டனில் 1833இலேயே அத்தகையோருக்காக ஓர் இதழ் தொடங்கப்பட்டது. மறைந்த இத்தாலியக் கலைஞர் மௌரோ ஜூலியானியின் பெயரால் அது வழங்கிற்று. பியானோவின் ஆதிக்கம் ஓங்கிக் கிற்றார் மங்கியபோது, நிக்கொலாய் மக்காரொவ் என்னும் ருஷ்யச் செல்வர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, 1856இல் பிரசெல்ஸ் நகரில் இசையாக்கத்திற்கும் கிற்றார் செய்யும் தொழிலுக்கும் போட்டி நடத்தினார். இசையாக்கத்தில் முதற் பரிசு மெர்ட்ஸ் என்பாருக்குக் கிடைத்தது. ஆனால் முடிவு வெளியாகுமுன்பே அவர் காலமாகிவிட்டார். 1899இல் மியூனிக்கில் அனைத்துலகக் கிற்றார்ச் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1951 முதல் 1973 வரை இங்கிலாந்திலிருந்து அப்பிள்பி என்பார் நடத்திய 'கிற்றார் செய்தி' என்னும் சிற்றிதழ், பல நாட்டு ஆர்வலரை அஞ்சல் வழியாக இணைத்தது.

பழைய வாதமும் ஓயவில்லை. ஸ்பெயினின் பேரறிஞர் தாரெகா, தம் இறுதி ஆண்டுகளில் நகத்தைக் கைவிட்டார். அவர் மாணாக்கர் புஜோல் அவ்வழியே நின்றார். உலகப் புகழ் பெற்ற செகோவியா நகத்தையே கொண்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அறுவை மருத்துவத்திற்குத் தேவைப்பட்டமையால் குடல் நரம்பு அரிதாயிற்று. அதன் பின்னர் நைலோன் தந்தி வந்தது. தந்தி மாறிற்று, வாதம் மாறவில்லை.

நம் நாட்டிலும் பைலாப் பாட்டோடு கிற்றார் ஒலிக்காத கொண்டாட்டம் அரிது. அதைப் பயிலும் இளைஞர்களுக்கு இவ்வரலாறு ஒன்றைச் சொல்கிறது. நகம் வளர்ப்பதா, வெட்டுவதா என்பதை உங்கள் விரலும் செவியும் தீர்மானிக்கட்டும். ஆனால் வேறு முறையில் வாசிக்கும் ஒருவர் அருகில் அமர்ந்தால், வாதிடுமுன் அவர் வாசிப்பை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். அகுவாடோ தம் பெருவிரல் நகத்தை வெட்டியது, வாதத்தில் தோற்றதனால் அன்று. நண்பர் வாசிக்கும்போது செவிமடுத்ததனாலேயே.