‘காலி’ என்றொரு பொல்லாத வார்த்தை

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் எதிரே இரண்டு பீப்பாய்கள். ஒன்றில் தளும்பத் தளும்ப பெட்ரோல். இன்னொன்று காலி. கடைசிச் சொட்டு வரை வடித்து எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு ஆசாமி சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடுகிறார். எந்தப் பீப்பாய் எப்போது வெடிக்குமோ என்று பயப்படுவீர்கள்?

‘இதென்ன கேள்வி? நிறைஞ்சிருக்கிற பீப்பாய்தான்!’ என்கிறீர்களா? ஸாரி, மார்க் கிடையாது. ஆனால் வெட்கப்படவேண்டாம். இதே பதிலைச் சொன்னவர்களைப் பற்றி ஒரு மனிதர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் பெயர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அமெரிக்கர். 1918ல் எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, அடுத்த வருடமே ஹார்ட்ஃபோர்டு தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய், எங்கே தீப்பிடிக்கும், ஏன் பிடித்தது என்று அலசுகிற வேலை. சாயங்காலமானால் ஆள் மாறிவிடுவார். மொழியியல்தான் அவருடைய நிஜமான காதல். ஹோப்பி என்கிற செவ்விந்திய இனத்தின் மொழியைத் தோண்டித் துருவிக்கொண்டிருப்பார்.

பகல் வேலையும் ராத்திரி வேலையும் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டன. விபத்து ரிப்போர்ட்டுகளைப் புரட்டப் புரட்ட, வோர்ஃபுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ‘பெட்ரோல் பீப்பாய்கள்’ என்று சொல்லப்படும் இடத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். ‘காலி பெட்ரோல் பீப்பாய்கள்’ என்று சொல்லப்படும் இடத்திலோ, கூலாக சிகரெட் பிடிக்கிறார்கள், துண்டை வீசி எறிகிறார்கள். டமால்!

காரணம் எளிமையானது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து கிளம்புகிற ஆவிதான் எரிகிறது. அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான். நூற்றுக்குச் சுமார் ஒன்றரை பங்கு முதல் ஏழரை பங்கு வரை ஆவி இருந்தால் வெடிக்கும். நிறைந்த பீப்பாய்க்குள் காற்றுக்கு இடமே குறைவு. வாயருகே ஆவி பற்றி எரியலாம், பேராபத்துதான். ஆனால், உள்ளுக்குள் குண்டு மாதிரி வெடிப்பதற்குத் தேவையான கலவை தயாராவது காலி பீப்பாயில்தான்!

இங்கேதான் அந்த ஆங்கில வார்த்தை வருகிறது. எம்ப்டி.

ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘வேலையில்லாமல் சும்மா இருக்கிற’ என்றுதான் அர்த்தம். ஓய்வாக இருக்கிறவன் ‘எம்ப்டி’. கல்யாணம் ஆகாதவனும் ‘எம்ப்டி’! உள்ளே ஒன்றும் இல்லாத பாத்திரத்துக்கும் அதே சொல். வார்த்தையின் நடுவிலுள்ள ‘ப்’ அப்போது கிடையாது. அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் பாத்திரம் நிலைத்தது, பிரம்மச்சாரி கழன்றுகொண்டார். வெற்றுப் பேச்சு, வெற்று மிரட்டல், வெற்று வாக்குறுதி என்று ‘சாரமில்லாத’ சமாசாரங்களுக்கெல்லாம் இந்தச் சொல் பரவியது.

வோர்ஃப் பிடித்த பாயின்ட் இதுதான்: ‘எம்ப்டி’க்கு இரண்டு முகம். ஒன்று, உள்ளே இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது என்பது. மற்றது, அதில் ஒன்றுமே இல்லை, அது ஒன்றும் செய்யாது என்பது. முதல் அர்த்தத்தில் பீப்பாய்க்குப் பெயர் வைக்கிறோம். இரண்டாவது அர்த்தத்தில் அதன் பக்கத்தில் நடந்துகொள்கிறோம்.

இதை அவர் 1939ல் எழுதினார். கட்டுரை அச்சானது 1941ல். அதே வருடம் ஜூலையில், 44 வயதில் இறந்துபோனார்.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஸ்டீவன் பிங்கர் என்கிற அறிஞர் 1994ல் வெளியான தன் புத்தகத்தில் வோர்ஃபைக் கிண்டலே செய்தார். பீப்பாய் பார்ப்பதற்குக் காலியாக இருந்தது, அந்த மனிதர்களை ஏமாற்றியது கண்தானே தவிர ஆங்கிலம் அல்ல என்றார். நியாயமான வாதம்தான். ஆவி கண்ணுக்குத் தெரியாதே! ஆனால், கண் ஏமாந்த இடத்தில் எச்சரித்திருக்க வேண்டிய வார்த்தை, கூடச் சேர்ந்து தாலாட்டுப் பாடிவிட்டதே... அதை என்ன சொல்வது?

சரி, இதெல்லாம் பீப்பாயோடு முடிந்த கதையா?

1969 டிசம்பர். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் சுமக்கக்கூடிய மூன்று ராட்சசக் கப்பல்கள் ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெடித்தன. மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கிங் ஹாக்கோன் 7. மூன்றுமே சரக்கை இறக்கிவிட்டு வெறும் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தவை! தொட்டிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது நடந்த விபரீதம். அதன் பிறகுதான் ‘காலி’த் தொட்டிக்குள் ஆக்ஸிஜன் குறைந்த வாயுவைச் செலுத்தி வைக்கிற ஏற்பாடு பெரிய எண்ணெய்க் கப்பல்களில் பரவியது.

1996 ஜூலை 17. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம், 12 நிமிடத்தில் நடுவானில் சிதறியது. 230 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வெடிகுண்டா, ஏவுகணையா என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார்கள். நான்கு வருட விசாரணை கை காட்டியது, விமானத்தின் நடுத்தொட்டியை. சுமார் 13 ஆயிரம் காலன் பிடிக்கிற தொட்டியில் அன்றைக்கு இருந்தது வெறும் 50 காலன். நம் பாஷையில் காலி! அடியிலிருந்த ஏ.சி. இயந்திரங்களின் சூட்டில் அந்தக் கொஞ்ச எரிபொருள் ஆவியாகித் தயாராகக் காத்திருந்தது. எங்கிருந்தோ ஒரு மின்பொறி. பெரும்பாலும் வெளியே ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம் என்றது ரிப்போர்ட். 2008ல்தான், பெரிய பயணிகள் விமானங்களின் இப்படிப்பட்ட தொட்டிகளில் ஆபத்தான ஆவிக்கலவை சேராமல் தடுக்க அமெரிக்கா சட்டம் போட்டது.

‘காலி’ என்கிற நம் சொல்லும் சொந்தச் சரக்கல்ல. அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. நாமோ அதற்கு இன்னொரு அர்த்தமும் கொடுத்துவிட்டோம். ‘ஆள் காலி’ என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டு சமையலறை மூலையிலும் ஒரு ‘காலி சிலிண்டர்’ இருக்கலாம். அடுப்பு எரியவில்லை என்பதால் உள்ளே கேஸே இல்லை என்று அர்த்தமில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தே தீரும். வால்வை இறுக மூடி, மூடியை மாட்டிவிட்டீர்களா? எதற்கும் ஒரு நடை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!