லெட்ஸ் பில்ட் எ ஸூ

சிங்கப்பூரின் ஸ்பிரிங்லோடட் நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு. மிருகக்காட்சிச்சாலை ஒன்றைக் கட்டி நடத்துவதே ஆட்டம். நோ மோர் ரோபோட்ஸ் வெளியிட, 2021 நவம்பரில் கணினிக்கு வந்தது. மறு ஆண்டு பிற விளையாட்டுக் கருவிகளுக்கும் வந்தது. படங்கள் பழைய விளையாட்டுகளைப் போலச் சின்னச் சின்னக் கட்டப் புள்ளிகளால் ஆனவை.

வேலி போடுவது, தீனி வைப்பது, ஆள் அமர்த்துவது, நுழைவுச்சீட்டு விற்பது எல்லாம் இவ்வகை விளையாட்டுகளில் வழக்கமானவைதான். வேடிக்கை ஆய்வுகூடத்தில் இருக்கிறது. ஓர் இனத்தின் எல்லா நிற வகைகளையும் இனப்பெருக்கம் செய்து முடித்தால் அதன் மரபணு கைக்கு வரும். பிறகு இரண்டு இனங்களை ஒட்டலாம்: முதலையின் உடல், வாத்தின் தலை. பெயரும் அப்படியே ஒட்டுப்பெயராகிவிடும். இப்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்கள் கிடைக்கும் என்பது வெளியீட்டாளர் கணக்கு. எண்ணிப் பார்த்தவர் இருக்கமாட்டார்.

ஆட்டம் அறத்தையும் சோதிக்கிறது. கடத்தல் விலங்கை வாங்கச் சொல்லி ஒருவன் வருவான். வாங்கினாலும் தண்டனை உறுதியில்லை. தீய வழிக்கும் அதற்கேற்ற கட்டடங்கள் திறக்கும். குழந்தைத்தனமான படங்களுக்குள் இந்தக் கசப்பை வைத்ததுதான் இதன் கெட்டித்தனம்.

ஆடுவோர் தாம் ஒட்டிய விநோதப் பிராணிகளின் படங்களைப் பகிர்ந்து மகிழ்கின்றனர். 2001இல் வந்த ஸூ டைகூன் என்ற மிருகக்காட்சிச்சாலை விளையாட்டிலும் இத்தகைய ஆர்வம் இருந்தது. அதை உருவாக்கிய புளூ ஃபாங் 2011இல் மூடப்பட்ட பின்னும், இரசிகர்கள் தாமே புதுப்புது விலங்குகளைச் செய்து அதில் சேர்த்துவந்தனர்.