ஊசியும் நூலும் கட்டத்துணியும்: குறுக்குத் தையலின் வரலாறு



விடுமுறை நாள்களில் பெண்மக்களுக்குக் கைத்தையல் கற்பிக்க விரும்பும் பெற்றோர் சிலர் நம்மிடம் இரு வினாக்களை முன்வைக்கின்றனர். "கிராஸ் ஸ்டிச்சைச் சிலுவைத் தையல் என்கிறார்களே, நம் பிள்ளைகள் அதைப் பழகலாமா?" என்பது ஒன்று. "தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இக்கலையின் வரலாறே விடை கூறுகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். துணியின் ஒரு சிறு கட்டத்தில் சாய்வாக ஓர் இழுப்பு. அதன்மேல் எதிர்ச்சாய்வாக மற்றோர் இழுப்பு. கணக்கில் நாம் இடும் பெருக்கல் குறியே அது. இதில் வழிபாட்டு அடையாளம் ஏதுமில்லை. இரு நூல்கள் குறுக்கிடுவதால் 'குறுக்குத் தையல்' என்பதே பொருத்தமான பெயர்.

தையல் நம் மார்க்க மரபுக்கு அந்நியமானதன்று. இத்ரீஸ் (அலை) அவர்கள் தையற்காரராக இருந்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பைத் தஃப்சீர் ஆசிரியர்கள் எடுத்தெழுதியுள்ளனர். நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை ஏழைகளுக்கு வழங்கிவந்தார்கள். ஆகவே ஊசி பிடிப்பதை இழிவாகவோ வெறும் பொழுதுபோக்காகவோ கருத நமக்கு இடமில்லை.

இழைகளை எண்ணித் தைக்கும் முறைக்கு முஸ்லிம் நாடுகளில் நீண்ட வரலாறு உண்டு. 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் காலத்தைச் சேர்ந்த பயிற்சித் துண்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. லினன் துணியில் பட்டு நூலால் பலவகைக் கோலங்களைத் தைத்துப் பழகிய துண்டுகள் அவை. எகிப்தின் வறண்ட மண் அவற்றை மக்காமல் காத்தது. அவற்றுள் பல இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைப்பழக்கத்திற்காகத் தைத்த துண்டுகள் பல நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குறுக்குத் தையலைத் தம் அடையாளமாகவே போற்றி வளர்த்தவர்கள் பாலஸ்தீனப் பெண்கள். அங்கே இக்கலைக்குத் 'தத்ரீஸ்' என்று பெயர். முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தாய் மகளுக்குக் கற்பித்தாள். மணப்பெண் தன் திருமண ஆடைக்குத் தானே பூவேலை செய்தாள். ஆடையின் கோலத்தையும் நிறத்தையும் கண்டே அவள் எந்த வட்டாரத்தவள் என்று கூறிவிடலாம். பேரீச்ச மரம், சைப்ரஸ் மரம், 'பாஷாவின் கூடாரம்', 'பெத்லகேமின் நிலா' என ஒவ்வொரு கோலத்துக்கும் பெயருண்டு. முன்பு பட்டு நூல் மிகுதியாகப் பயன்பட்டது. 1930களில் பிரான்சின் டி.எம்.சி. நிறுவனப் பருத்தி நூலும் அதன் கோலப் புத்தகங்களும் அங்கே பரவின.

1948இல் லட்சக்கணக்கானோர் ஊரிழந்து அகதிகளாயினர். நெசவுக்குப் பெயர்பெற்ற மஜ்தல் நகரத்தாரும் காஸாவுக்குப் பெயர்ந்தனர். கையில் ஒன்றுமின்றி முகாமுக்கு வந்த பெண்களுக்கு ஊசிவேலை உணவளித்தது. ஊர் அழிந்தபின்னும் ஊரின் கோலம் ஆடையில் நிலைத்தது. 1987இல் தொடங்கிய எழுச்சியின்போது, பாலஸ்தீனக் கொடி தடைசெய்யப்பட்டிருந்த நிலையில், கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் பெண்கள் தம் ஆடைகளில் தைத்துக்கொண்டனர். 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இனித் தேவையான பொருள்களைக் காண்போம். திருநாவலூரைச் சுற்றியுள்ளோர் உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி கடைத்தெருக்களில் தையற்பொருள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம்.

துணி: கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணி அல்லது ஐடா துணி. ஓர் அங்குலத்தில் 14 கட்டங்கள் உள்ள ஐடா தொடக்கத்திற்கு ஏற்றது. கோலத்தின் கட்டங்களை 14ஆல் வகுத்தால் அளவு கிடைக்கும். 56 கட்டக் கோலம் 4 அங்குலம் வரும். நாற்புறமும் 2 அங்குலமேனும் கூடுதலாக விட்டு வெட்டுக.

நூல்: ஒரு சிட்டம் 8 மீட்டர், அதில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். 14 கட்டத் துணிக்கு இரண்டு இழைகளைப் பிரித்தெடுத்தால் போதும். ஆங்கர் நூலை நம் நாட்டில் பரப்பிய மதுரா கோட்ஸ், 1974இல் மதுரா மில்ஸுடன் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் நிறுவனம் இணைந்து உருவானது.

ஊசி: முனை மழுங்கி, காது அகன்ற 24ஆம் எண் ஊசி. துணியில் ஏற்கெனவே துளைகள் இருப்பதால் கூர்முனை வேண்டியதில்லை. சிறுமியரின் விரலுக்கும் பாதுகாப்பு.

இவற்றோடு துணியை விறைப்பாகப் பிடிக்கும் வட்டச் சட்டம், சிறிய கத்தரிக்கோல், கோலம் வரையக் கட்டத்தாள் ஆகியவை போதும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நிறங்களே போதுமானவை. துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியிலிருந்து தொடங்குக. மேலே வரும் இழுப்புகள் அனைத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வேலை சீராகத் தெரியும்.

கோலத்தைத் தேர்வதில் கவனம் தேவை. உயிருள்ளவற்றின் உருவங்கள் பொறித்த திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், அதை அன்னை ஆயிஷா (ரலி) வெட்டித் தலையணையாக்கியதும் நாம் அறிந்த செய்தி. பாலஸ்தீன ஆடைகளில் பறவைக் கோலங்கள் உண்டெனினும், பேணுதலை நாடுவோர் பூ, இலை, மரம், நட்சத்திரம் ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

தத்ரீஸில் தேர்ந்த மூதாட்டியர் முன்பக்கத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவதில்லை. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்ப்பர். நூல் முனைகள் ஒழுங்காக அடங்கியிருக்கின்றனவா, முடிச்சுகள் துருத்துகின்றனவா என்று ஆராய்வர். பிறர் காணாத பக்கத்தையும் செம்மையாகச் செய்யும் பழக்கம் நம் பிள்ளைகளுக்குத் தையலில் வரட்டும். அது அமலிலும் வரும், இன்ஷா அல்லாஹ். அவர்களின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஊரிழந்த அம்மக்களுக்கு ஊரையும் அமைதியையும் மீட்டளிப்பானாக. ஆமீன்.