பஞ்சகாலத்துப் பாதர்

டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்ட கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் 1974ஐக் கடந்தாக வேண்டும். அந்த ஆண்டின் பசியைத் தெரிந்துகொள்ளாமல், ஏழாயிரம் ஏக்கர் காணிக்காக அப்போது திரண்ட ஜனங்களின் ஆவேசம் பிடிபடாது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கணக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடற்ற மலையகத் தமிழரில் 1964இல் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி வைத்த 1,50,000 பேரை 1974 ஜனவரியில் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டில்லியில் கையெழுத்தான அதே காலத்தில் மலையில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

அது மழை பொய்த்து மட்டும் வந்த பஞ்சமல்ல. எண்ணெயும் தானியமும் உலகச் சந்தையில் விலையேற, அரசு இறக்குமதியை வெட்டியது. கூப்பன் அரிசி குறைந்தது, கோதுமை மா குறைந்தது. கிராமத்துச் சிங்களக் குடியானவருக்குக் கொல்லையில் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்துக்காரர் இஸ்தோப்பைத் தாண்டிக் கால் வைத்தால் தோட்டத்துத் தேயிலைதான். அது சோறாகாது. போதாக்குறைக்கு 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு போட்டது. எப்படியும் கைவிட்டுப் போகிற நிலத்தில் பணம் போடுவானேன் என்று தோட்ட முதலாளிகள் பலர் வேலை நாளைக் குறைத்தார்கள். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றும் பேர் விழாமல் திரும்பினால் அன்று கூலி இல்லை. எடுத்த காணி பங்கிடப்பட்டபோது குடியுரிமை இல்லாதவருக்கு அதில் பங்கில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மண்ணைக் கொத்தியவர்கள் ஹட்டனிலும் கண்டியிலும் கடைவாசலில் கையேந்தினார்கள். தெருவோரத்திலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. அந்த முதலாளிகளையும், கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தும் வாய் திறக்காத அரசியல்வாதிகளையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் பால் காஸ்பர்ஸ் வருகிறார்.

1925இல் பிறந்தவர், யேசு சபைத் துறவி, ஒக்ஸ்போர்டில் படித்தவர். பெரிய கல்லூரிகளில் வகுப்பெடுத்துக்கொண்டே வாழ்நாளைக் கௌரவமாகக் கழித்திருக்கலாம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சிக்குத் தயாராக்க அந்த இளைஞர்களுக்கு நடத்தப்பட்ட ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று, தோட்டத் தமிழரை இந்திய விஸ்தரிப்பின் கருவியென்று காட்டியது. ஒரே மலையில், ஒரே குளிரில் வறுமைப்படும் இரு சாராரும் ஒருவரையொருவர் இப்படிப் பார்ப்பதற்கு மாற்றாக, மறு ஆண்டே கண்டியில் காஸ்பர்ஸின் கையால் சத்தியோதயா நிலையம் பிறந்தது. சிங்களவரும் தமிழரும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து, கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். தோட்டத்துக்கு மட்டும் போயிருந்தால் காஸ்பர்ஸ் நல்ல தொண்டர் என்ற பெயரோடு நின்றிருப்பார். கிராமத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் அவருடைய தீர்க்கதரிசனம் இருக்கிறது.

1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானதிலும் சத்தியோதயாவுக்குப் பங்குண்டு. கிறிஸ்தவக் குழுக்கள் சபை வேறுபாட்டை ஓரத்தில் வைத்துவிட்டுக் கூடிய இடம் அது. அதே காலத்தில் ஆயர் லியோ நாணயக்கார, வசதியான கண்டி மறைமாவட்டத்தைத் தாமாகவே விட்டு, 1972இல் புதிதாகப் பிரிந்த பதுளைக்குப் போனார். கத்தோலிக்கர் சொற்பமான ஏழை ஊவா அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. லத்தீனில் கேட்ட பூசை தமிழுக்கு வந்திருந்தது. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரல் கடவுளின் காதில் விழுந்தது என்ற யாத்திராகமக் கதை, கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவளுக்கு அவள் பாஷையிலேயே கேட்டது. பட்டினியில் வேதம் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அது வயிற்றை நிரப்பாது. ஆனால் தனக்கு நேர்ந்தது தலைவிதியல்ல, அநியாயம் என்று ஒருத்தி நிச்சயமாகத் தெரிந்துகொண்டால், அவள் மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்கிற விதமே மாறும்.

எல்லாத் தேவாலயமும் இதைச் சொல்லவில்லை. டிக்கோயாவில் 1878இல் துரைமார் கட்டிய வார்லி ஆலயம் இன்றும் பார்க்க அழகுதான். முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயரும் வயதும் பொறித்து நிற்கின்றன. புகைப்படக் கலையின் முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கமானார். அந்தத் தோட்டங்களில் காடு வெட்டிச் செத்தவர்களோ தேயிலைத் தூருக்கடியில் கிடக்கிறார்கள், கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இதற்கெல்லாம் முன்னாலேயே இன்னொரு வகைக் கிறிஸ்தவம் மலையேறியிருந்தது. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது காசு கொடுத்தவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். அடங்கி நடக்கிற கூலி கிடைப்பான் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வேலை செய்தவர்களோ திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார். நம் சரித்திரப் புத்தகங்கள் கோப்பி இலையில் விழுந்த பூசணத்துக்கு அத்தியாயம் ஒதுக்குகின்றன, இவர்களுக்கு ஒரு பத்தி கூட இல்லை. கண்டிச்சீமைக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று ஊரே அழுத காலம் அது. காலராவும் அட்டைக்கடியும் குளிரும் கங்காணியின் கடனும் சேர்ந்து ஆளை முடித்துவிடும். துரை பங்களாவில் விருந்தாளியாக இருக்க முடியாத, ஊர்ப் பேச்சு பேசுகிற ஒருவர் தோட்டம் தோட்டமாக நடந்து வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து ஜெபம் சொல்லி, பிள்ளைக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார் என்றால், தன்னை ஒருவர் பேர் சொல்லி விசாரிக்கிறார் என்ற நினைப்பே அன்றைக்குப் பெரிய ஆறுதல். காஸ்பர்ஸை நான் இந்த உபதேசிமாரின் வாரிசாகத்தான் பார்க்கிறேன். சபை வேறு, காலம் வேறு, நடந்த மலை ஒன்று.

பஞ்சம் தணிந்த பிறகும் காஸ்பர்ஸுக்கு ஓய்வில்லை. நாடு கடத்தப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பெட்டிக்குள் ஒருவர், பிளாட்பாரத்தில் ஒருவர் என்று ஒரே குடும்பம் இரண்டு நாடாகிப் பிரிந்தது. 1977இல் கலவரம். 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் உருவானபோது அதன் தலைமைக்கு வந்தவர் இதே பாதர்தான். 1983க்குப் பிறகும் அவர் பேச்சு மாறவில்லை. சிங்களவரிடம் தமிழருக்காகப் பேசுவது அந்நாட்களில் சுலபமான காரியமல்ல.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது காஸ்பர்ஸ் எழுபதைக் கடந்திருந்தார். 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 வருஷம். சட்டம் வந்த பிறகும் லயம் லயமாகவே இருந்தது. அவர் 2017இல் காலமானார். 2023 ஜூலை 28 அன்று, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியிலேயே ஒரு நடைபயணம் புறப்பட்டது. அதை முன்னெடுத்ததில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றம் முக்கியமானது. இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் கூடவே நடந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் கேட்டது காணியும் வீடும் நியாயமான கூலியும்.

(தொடரும்)