ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரவேற்பறைக்கு

ஷா ஆலத்தில் வசிக்கும் பெற்றோர் ஒருவர், ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் ‘ஸ்டூடியோ மானிட்டர்’ ஒலிபெருக்கிகளை வீட்டில் பாட்டுக் கேட்க வாங்கலாமா என்று என்னிடம் வினவினார். கேள்வி சிறியது, அதன் பின்னுள்ள வரலாறோ சுவையானது.

ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரான அதே 1978-ஆம் ஆண்டில்தான், ஜப்பானின் யமஹா நிறுவனம் என்.எஸ்.10 என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. அது வீட்டுக்கென்றே செய்யப்பட்டது. ஆயினும் வீடுகளில் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. அடித்தொனி குறைவு, இடைத்தொனியோ முந்திக்கொண்டு வரும். ஒலிப்பதிவாளர்கள் அந்தக் குறையையே நிறையாகக் கண்டனர். குரலில் உள்ள பிழை அதில் ஒளிந்துகொள்ள இயலாது. 1980-களில் அந்த வெள்ளைக் கூம்புப் பெட்டி உலகின் பல கூடங்களில் இடம்பிடித்தது. உச்சத்தொனியின் கூர்மையைத் தணிக்க, மெல்லிய காகிதத்தை ஒட்டிக் கேட்டவர்களும் உண்டு! 2001-இல் அதன் உற்பத்தி நின்றது.

என்.எஸ்.10-க்குத் தனி ஆம்பிளிபயர் வேண்டும். அதே 1978-இல் பின்லாந்தில் தோன்றிய ஜெனலெக் நிறுவனம், அந்நாட்டு வானொலிக்கென உருவாக்கிய முதல் பெட்டியிலேயே ஆம்பிளிபயரை உள்ளே வைத்துவிட்டது. இன்று நாம் கடைகளில் காணும் மின்னிணைப்புள்ள மானிட்டர்கள் இந்த வழியில் வந்தவையே.

இதற்கும் முன்னரே பி.பி.சி. பொறியாளர்கள், புதிய ஒலிபெருக்கிகளை மனிதரின் நேரடிப் பேச்சோடு ஒப்பிட்டுச் சோதித்து வந்தனர். ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கத்தக்க செய்தி இது. ஒருமுறை மாணவி ஒருத்தியின் வாசிப்புப் பதிவை, அடித்தொனி அதிரும் என் வீட்டுப் பெட்டியில் கேட்டு, ழகரத்தை ளகரமாக ஒலிக்கிறாள் என்று குறித்து வைத்தேன். மறுநாள் நேரில் படிக்கச் சொன்னபோது ழகரம் திருத்தமாக வந்தது. பிழை என் பெட்டியில்! ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை அது குறைத்திருக்கும். மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் இடைத்தொனியிலும் அதற்கு மேலும்தான் உள்ளன.

ஆகவே அவருக்கு வாங்கலாம் என்றே கூறினேன். சிறிய அறைக்கு ஐந்து அங்குலக் கூம்பு போதும். சுவரோடு ஒட்டி வைத்தால் அடித்தொனி வீங்கும். சற்றுத் தள்ளி, காது மட்டத்தில் வைத்தல் நலம். மலிவான சிலவற்றில் பாட்டு நின்றபின்னும் மெல்லிய இரைச்சல் இருக்கும்; கடையிலேயே அருகில் சென்று கேட்டறிக. நன்கு பழகிய ஒருவரின் பேச்சுப் பதிவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பாட்டை விட அதுவே நல்ல உரைகல்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய எம்.பி.3 பாடல்கள் இதில் முன்னைவிட மோசமாகவே ஒலிக்கும்.