மறைந்து நின்று தாக்கிய கப்பல்கள்

தந்திரமும் துணிவும் மிக்க ஒருவனை 'எம்டன்' என்று அழைப்பது தமிழ் வழக்கு. அது ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த அக்கப்பல், மூன்றே நாளில் கொழும்பை நெருங்கியது.

கொழும்பின் தேடொளி விளக்குகள் இரவிற் கடலைத் துழாவிக் கொண்டிருந்தன. அவற்றின் ஒளி தெரியும் தொலைவிலேயே, தன் விளக்குகளை அணைத்து இருளில் உலவிய எம்டன், சர்க்கரை ஏற்றிச் சென்ற டைமரிக் என்னும் கப்பலைச் சிறைபிடித்து மூழ்கடித்தது. மூன்று புகைபோக்கிகளே உடைய எம்டன், பொய்யாக நான்காவதொன்றைப் பொருத்திப் பிரித்தானியக் கப்பல் போலவும் தோன்றியது. அவ்வேடத்துடனேயே அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தினுட் புகுந்தது.

ஆனால் கடற்போர் மரபில் ஒரு விதி உண்டு. வேடம் பூண்டு நெருங்கலாம். சுடும்போது சொந்தக் கொடியை ஏற்றியே தீரவேண்டும். எம்டன் கொடியை ஏற்றிய பின்னரே ரஷ்யக் கப்பலான செம்சுக்கைத் தாக்கியது.

மேகத்தில் மறைந்து போர் செய்த இந்திரசித்தன் கதையை இலங்கையில் அறியாதார் இலர். மறைந்திருப்பவன் தாக்கலாமா, தாக்கிய பின்னும் மறைந்திருக்கலாமா என்னும் கேள்வி விளையாட்டுகளையும் விடவில்லை. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலே, மந்திரத்தால் மறைந்தவன் தாக்கிய கணமே அம்மறைவு கலைந்துவிடும். தாக்குவதற்கு அவன் கொடுக்கும் விலை அது. பின்னாளில் அவ்விளையாட்டிற் சேர்ந்த வலிய மந்திரம் ஒன்று, தாக்கிய பின்னும் மறைவை நீடிக்கச் செய்தது; விலையே இல்லாமற் போயிற்று.

எம்டன் அவ்விலையைக் கொடுத்தது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுத் தந்தி நிலையத்தைத் தாக்க வந்தபோது, அங்கிருந்தோர் அந்நியக் கப்பலைக் கண்டு செய்தி அனுப்பினர். ஏறக்குறைய 50 மைல் தொலைவிலிருந்த அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி விரைந்து வந்து அதனை வீழ்த்தியது. நவம்பர் 15ஆம் நாள், காயமுற்ற ஜேர்மானியரையும் ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்பை அடைந்தது. அவர்களின் துயரை மதித்து, வெற்றி ஆரவாரம் வேண்டாமெனச் சிட்னியின் தலைவர் கேட்டுக்கொண்டார்.

வலிய மந்திரம் 1917இல் வந்தது. வணிகக் கப்பல்போல வேடம் பூண்ட ஜேர்மனியின் வூல்ஃப், அவ்வாண்டு பெப்ரவரியில் கொழும்புக்கு அப்பால் கடற்கண்ணிகளைத் தூவிவிட்டு மறைந்தது. 17ஆம் நாள் ஊஸ்டர்ஷயர், 21ஆம் நாள் பெர்சியஸ் என்னும் கப்பல்கள் மூழ்கின. வணிகக் கப்பல்களைத் தடுப்பதற்கென்றே எதிரியின் துறைமுகத்தருகே கண்ணிகள் இடலாகாதென 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்திருந்தது. அவ்விதிக்கு ஜேர்மனி உடன்படவில்லை. அடி விழுந்தபோது அடித்தவன் அங்கில்லை. வூல்ஃப் 1918 பெப்ரவரியில் தாயகம் திரும்பியது.

எம்டனின் பெயர் மக்கள் நாவில் நிலைத்தது. வூல்ஃபின் பெயர் நிலைக்கவில்லை. தாக்கியபோது தன் முகத்தைக் காட்டியவனைப் பகைவரும் மதித்தனர். முகம் காட்டாத கண்ணியோ எதிரே வருபவர் போர்வீரரா, வணிகரா என்று பார்ப்பதில்லை. வெள்ளவத்தைக் கரையிலிருந்து நோக்குவார்க்கு அமைதியாகத் தோன்றும் அந்தக் கடல், இருவகைப் போரையும் கண்டது.